கடையில் கேட்கிற கேள்வியும் கூகுளில் தேடுகிற கேள்வியும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிற யாரிடமாவது பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். கொலுசு எந்த இடத்தில் முதலில் அறும், சலங்கை ஏன் உதிர்கிறது, நடக்கப் பழகும் குழந்தைக்கு எப்படிப்பட்ட கொக்கி நல்லது, கல்யாணச் சீருக்கு வாங்குகிறவர்கள் எதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்று வரிசையாகச் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகக் கையோடு வந்த விவரம் அது. அதே விவரத்தைச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற ஒருவர் கூகுளில் தேடினால் என்ன கிடைக்கிறது? எங்கோ இருக்கிற பெரிய விற்பனைத் தளங்களின் பட்டியல்கள். கொலுசைக் கையில் எடுத்தே பார்க்காதவர் எழுதிய குறிப்புகள். சேலத்துக் கடைக்காரரின் இணையதளம் மூன்றாவது நான்காவது பக்கத்தில் எங்காவது கிடக்கும். பல நேரம் அங்கேயும் இருக்காது.

எனக்கு இது மனதை உறுத்துகிற விஷயம். சிறு வியாபாரிகளின் இணையதளங்களைச் சரிசெய்து கொடுப்பது என் தொழில். ஜவ்வரிசி ஆலை, இளம்பிள்ளைச் சேலை வியாபாரி, ஏற்காட்டுக் காபித் தோட்டம் என்று பலவிதமான தளங்களைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். எல்லா இடத்திலும் ஒரே குறைதான்: தொழில் தெரிந்தவரின் வாயில் இருப்பது தளத்தில் இல்லை. "கூகுள்ல மேல வரணும் தம்பி" என்று வருகிறவர்களிடம் நானும் ஒன்றே ஒன்றைத்தான் சொல்கிறேன். கடைக்கு வருகிறவர் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். எந்தக் கேள்விக்குப் பின் எந்தக் கேள்வி வருகிறதோ, அந்தப் போக்கில் பக்கங்களை ஒன்றோடொன்று இணையுங்கள். உள்ளடக்கம் தனி வேலை, தள அமைப்பு தனி வேலை என்று பிரித்து, இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்டணம் சொல்வதை நான் ஏற்பதில்லை. கடையில் நடக்கிற பேச்சிலேயே இரண்டும் இருக்கின்றன.

ஒரு கொலுசுக் கடையை வைத்துச் சொன்னால்தான் இது விளங்கும். அண்ணன் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறார். அக்கா கல்லாவிலும் போனிலும் இருக்கிறார். தளத்தில் நான்கு பக்கங்கள் இருந்தன: முகப்பு, எங்களைப் பற்றி, தயாரிப்புகள், தொடர்புக்கு. 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று முகப்பில் ஒரு வரி. தயாரிப்புகள் பக்கத்தில் நூற்றுக்கணக்கான படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். எடை, அளவு, மாடல் எண் எல்லாவற்றையும் அழகாக வடிவமைத்துப் படத்துக்குள்ளேயே பதித்திருந்தார்கள். விலைப்பட்டியல் ஒரு பிடிஎஃப் கோப்பாக இருந்தது.

படத்துக்குள் பதித்த எழுத்தைத் தேடுபொறி முழுதாகப் படித்துக்கொள்ளும் என்று நம்பி இருக்கமுடியாது. முக்கியமானதை எழுத்தாகவே வையுங்கள் என்றுதான் கூகுளின் வழிகாட்டியும் சொல்கிறது. அந்தப் பிடிஎஃப் இன்னும் மோசம். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தேன். புரியாத ஆங்கில எழுத்துகளாக வந்து விழுந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் திரையில் தெரிவதுதான் தமிழ், உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்துகள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழுக்கு 1991 முதலே இடம் இருக்கிறது. ஆனாலும் நோட்டீஸ், பேனர் அடிக்கிற இடங்களில் பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அங்கே செய்த கோப்பு அப்படியே தளத்துக்கு ஏறிவிடுகிறது. பார்க்கிறவர் கண்ணுக்கு எல்லாம் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. தேடுபொறியைப் பொறுத்தவரை அந்த விலைப்பட்டியலில் 'கொலுசு' என்கிற சொல் ஒரு முறைகூட இல்லை. உங்கள் தளத்தில் தமிழ்ப் பிடிஎஃப் இருந்தால் இதை இன்றைக்கே சோதித்துப் பாருங்கள்.

அதைச் சரிசெய்த பிறகு எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று பார்க்க, அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போன் பேச்சைக் கேட்டேன்.

"எம்பொண்ணுக்கு ஒரு வயசு ஆகுதுங்க, எத்தனை இஞ்ச் எடுக்கட்டும்?" "போன வருசம் வாங்கினது கறுத்துப் போச்சுங்க, அது வெள்ளிதானே?" "எண்பது டச்சுன்னா என்னங்க?" "பழைய கொலுசு கொடுத்தா எவ்வளவு கழிப்பீங்க?" "கொரியர்ல அனுப்புவீங்களா, வழியில தொலைஞ்சா யாருங்க பொறுப்பு?" இப்படியே நாள் முழுக்க ஓடியது. ஒவ்வொன்றுக்கும் அக்கா சளைக்காமல் பதில் சொன்னார். அளவு கேட்டால், "ஒரு நூலை எடுத்துக் கணுக்காலச் சுத்தி அளந்து, ஒரு விரல் போற மாதிரி விட்டுச் சொல்லுங்க" என்பார். கைக்குழந்தையா, நடக்கிற குழந்தையா என்று கேட்டுக்கொண்டுதான் எந்த மாடல் என்பதற்கே போவார்.

"இதையெல்லாமா தம்பி எழுதுவாங்க? தெனமும் எல்லாருக்கும் சொல்றதுதானே."

"தெனமும் சொல்ல வேண்டியிருக்கிறதாலதாங்க்கா எழுதணும்."

அவர் பேசியதைப் பதிவுசெய்து தட்டச்சு செய்தோம். பேச்சு வழக்கைக் கொஞ்சம் எழுத்து வழக்குக்கு மாற்றினேன். மற்றபடி அவர் சொன்ன வரிசை, அவர் சொன்ன எச்சரிக்கைகள் எதையும் தொடவில்லை. கொலுசு கறுப்பது பற்றிய பக்கத்தை மட்டும் கொஞ்சம் விரித்தோம். காற்றிலும் வியர்வையிலும் இருக்கிற கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆகிறது, அந்தப் படலம்தான் கறுப்பு. ஆகவே கறுத்ததனால் மட்டும் அது போலி ஆகிவிடாது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்தால் சீக்கிரமே கறுக்கும், ஏனென்றால் ரப்பரில் கந்தகம் இருக்கிறது. பூந்திக்கொட்டையை ஊறவைத்த தண்ணீரில் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் அழுக்கோடு லேசான கறுப்பும் போகும். நன்றாகக் கறுத்துவிட்டால், பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்துச் சுடுதண்ணீரும் சமையல் சோடாவும் போட்டு, கொலுசு அந்தத் தாளில் படும்படி வைக்கவேண்டும். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குப் போய்விடும். கல் பதித்த கொலுசுக்கு மட்டும் இது ஆகாது, கல் ஒட்டியிருக்கிற பசை இளகிவிடும் என்று அக்கா கண்டிப்பாகச் சேர்க்கச் சொன்னார். அந்த வரிக்காகவே அந்தப் பக்கத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்பது என் எண்ணம். ஊர் ஊராகச் சுற்றி வருகிற சுத்தம் செய்யும் குறிப்புகளில் நான் அதைப் பார்த்ததில்லை.

கூகுள் தன் தர மதிப்பீட்டாளர்களுக்குக் கொடுத்திருக்கிற வழிகாட்டியில், 2022 டிசம்பரில், நிபுணத்துவத்தோடு அனுபவத்தையும் ஒரு அளவுகோலாகச் சேர்த்தது. எழுதியவர் அந்தப் பொருளைத் தானே கையாண்டவரா என்பது கேள்வி. மதிப்பீட்டாளர் கொடுக்கிற மதிப்பெண் நேராகத் தரவரிசையை மாற்றிவிடாது; ஆனால் நிறுவனம் எந்தத் திசையில் போக நினைக்கிறது என்பது அதில் தெரிகிறது. 2011 பிப்ரவரியில் பாண்டா என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, ஒப்புக்கு எழுதிக் குவித்த தளங்களைக் கீழே தள்ளியது முதல் அதே திசைதான். பக்கத்தின் நிரலுக்குள் தேடுசொற்களை அடுக்கிவைக்கிற மெட்டா கீவேர்டு குறிச்சொல்லைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று 2009லேயே சொல்லிவிட்டார்கள். அதை நிரப்பித் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

சரி, எல்லாக் கேள்விக்கும் ஒரு பக்கமா? அப்படி இல்லை. கேட்கிறவரின் தேவை ஒன்றாக இருந்தால் பக்கமும் ஒன்றுதான். கொலுசு ஏன் கறுக்கிறது, எப்படிச் சுத்தம் செய்வது, கறுத்தால் போலியா என்ற மூன்றையும் கேட்பவர் ஒரே ஆள், ஒரே கவலை. மூன்று பக்கமாகப் பிரித்தால் மூன்றும் மெலிந்து, ஒன்றோடொன்று போட்டி போடும். அளவு எடுப்பது அப்படியல்ல. அதைக் கேட்பவர் வாங்கப் போகிறவர், அவருக்குத் தனிப் பக்கம் வேண்டும். 'டச்' பற்றிக் கேட்பவர் ஏமாந்துவிடுவோமோ என்று பயப்படுகிறவர். சுத்த வெள்ளி மெத்தென்று இருக்கும், தினமும் போடுகிற நகைக்குத் தாங்காது, அதனால் செம்பு சேர்க்கிறார்கள். எண்பது டச் என்றால் நூறு பங்கில் எண்பது வெள்ளி. 925 என்று முத்திரை இருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. இதை ஒளிக்காமல் ஒரு பக்கத்தில் எழுதி, தங்கள் கடையில் எந்த மாடல் எத்தனை டச் என்றும் போடலாம் என்றேன். அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "போடு தம்பி, கேட்டா சொல்றதுதானே" என்றார். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் போன் செய்கிறவர்கள் பேரம் பேசுவதற்கு முன்பே பாதி நம்பிக்கையோடு பேசுகிறார்கள் என்று அக்கா சொல்கிறார். தரவரிசை ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு அதில்தான் அதிக மகிழ்ச்சி.

அப்புறம் அடுக்குவது. கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல வேண்டிய இடம் இதுதான்.

கடைக்காரர் தன் சரக்கைப் பார்க்கிற விதம் ஒன்று, வாங்க வருகிறவர் பார்க்கிற விதம் வேறு. அண்ணனுக்குச் சரக்கு என்றால் கைவேலை, மெஷின் வேலை, டச், எடை, மாடல் எண். பழைய தளத்தின் படங்களும் அந்த வரிசையில்தான் இருந்தன. வாங்க வருகிறவருக்கு அந்தப் பிரிவுகள் எதுவுமே தெரியாது. அவர் யாருக்கு, எதற்கு என்று வருகிறார்: பேத்திக்கு முதல் கொலுசு, மகளுக்கு வயதுக்கு வந்த சீர், வளைகாப்பு, கல்யாணம், தினமும் ஆபீசுக்குப் போட்டுப்போகச் சத்தமில்லாத கொலுசு. எனவே முகப்பிலிருந்து போகிற முதல் கிளைகளை அப்படி வைத்தோம். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பக்கம், அந்தப் பக்கத்தின் தலையில் அந்த வாங்குபவருக்குத் தேவையான நாலைந்து வரி விளக்கம், அதன் கீழே மாடல்கள். டச்சும் எடையும் ஒவ்வொரு மாடலின் பக்கத்தில் விவரமாக வருகின்றன. 'தயாரிப்புகள்' என்று இருந்த பக்கத் தலைப்பு 'குழந்தைகளுக்கான வெள்ளிக் கொலுசு – வயதுக்கேற்ற அளவும் எடையும்' என்று ஆனது. தேடல் முடிவில் நீல எழுத்தில் தெரிவது பெரும்பாலும் இந்தத் தலைப்புதான். 'தயாரிப்புகள்' என்று யாரும் தேடுவதில்லை.

பக்கங்களுக்கு இடையிலான இணைப்புகளை அக்காவின் பேச்சிலிருந்தே எடுத்தோம். குழந்தைக் கொலுசு கேட்டவர் அடுத்து அளவு கேட்கிறார், ஆகவே அங்கிருந்து அளவுப் பக்கத்துக்கு ஒரு இணைப்பு. அளவு தெரிந்ததும் வளர்கிற குழந்தைக்குச் சின்னதாகிவிடுமே என்கிறார், ஆகவே அங்கிருந்து பழையதை மாற்றும் பக்கத்துக்கு. இணைப்பில் 'இங்கே சொடுக்கவும்' என்று போடாமல் 'கணுக்கால் அளவு எடுப்பது எப்படி' என்று போட்டோம். அந்தச் சொற்களை வைத்தும் போய்ச்சேரும் பக்கம் எதைப் பற்றியது என்று தேடுபொறி புரிந்துகொள்கிறது. லாரி பேஜும் செர்கே பிரினும் 1998ல் கூகுளைத் தொடங்கியபோது அதன் அடிப்படையே இணைப்புகள்தான்: எந்தப் பக்கத்தை எவை சுட்டுகின்றன, சுட்டுகிறவற்றின் மதிப்பு என்ன. இன்றைக்கு எத்தனையோ விஷயங்கள் அதோடு சேர்ந்துவிட்டன, ஆனாலும் இணைப்பின் வேலை போகவில்லை. வெளியிலிருந்து இணைப்பு வாங்க அலைகிறவர்கள் தங்கள் சொந்தத் தளத்துக்குள் இருக்கிற பக்கங்களையே இணைக்காமல் விட்டிருப்பதைப் பார்க்கும்போது ஆதங்கமாக இருக்கும். இதற்குச் செலவு ஒரு பைசா கிடையாது.

பழைய தளத்தின் மெனு முழுக்க ஜாவாஸ்கிரிப்டில், சொடுக்கினால் மட்டும் திறக்கும்படி எழுதப்பட்டிருந்தது. மனிதர் சொடுக்குவார், பக்கம் பக்கமாகப் போய்ப் படிக்கிற கூகுளின் நிரல் சொடுக்காது. முகவரி குறிப்பிட்ட சாதாரண இணைப்பைத்தான் அது பின்தொடரும். மெனுவைச் சாதாரண இணைப்புகளாக மாற்றினோம். தளத்தின் முகவரிகளையெல்லாம் பட்டியலிடுகிற சைட்மேப் கோப்பு கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை கொடுக்கலாம், கொடுப்பது நல்லதுதான். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்தும் போக வழியில்லாத ஒரு பக்கத்தைச் சைட்மேப்பில் மட்டும் சேர்த்தால், அது இருக்கிறது என்று தெரியுமே தவிர, அது முக்கியமானது என்று தெரியாது. விலை குறைந்தது முதலில், எடை கூடியது முதலில் என்று வரிசைப்படுத்தும்போது ஒரே பக்கத்துக்குப் பல முகவரிகள் உருவாகிவிடும். அவற்றுக்கு எது மூல முகவரி என்று கனானிக்கல் குறிச்சொல்லில் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

இந்தச் சமயத்தில் ஒரு நிறுவனம் அண்ணனிடம் வந்து, நாமக்கல் கொலுசு, ஈரோடு கொலுசு, தர்மபுரி கொலுசு என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஐம்பது பக்கம் போட்டால் ஐம்பது ஊரிலும் முதலில் வரலாம் என்று சொல்லியிருக்கிறது. நான் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன். அந்த ஊர்களில் கடைக்குக் கிளை கிடையாது. நாமக்கல்காரருக்கு என்று சொல்ல அந்தப் பக்கத்தில் புதிதாக எதுவும் இல்லை. இப்படிப்பட்ட வாசல் பக்கங்கள் கூகுளின் ஸ்பாம் விதிகளில் பெயர் சொல்லியே தடுக்கப்பட்டிருக்கின்றன. 2024 மார்ச்சில், தரவரிசைக்காகவே பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்வதையும், மனிதர் எழுதினாலும் சரி இயந்திரம் எழுதினாலும் சரி, விதிமீறல் என்று சேர்த்தார்கள். விதி இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன். நாமக்கல்லிலிருந்து தேடி வருகிற ஒருவர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, தன் ஊரில் கடை இருக்கிறது என்று நம்பினால், அது அவரை ஏமாற்றியதாகத்தானே ஆகும்? அதற்குப் பதிலாக, வெளியூருக்கு எப்படி அனுப்புகிறோம், எடையை அவர்கள் எப்படிச் சரிபார்த்துக்கொள்ளலாம், வழியில் தொலைந்தால் என்ன செய்வோம் என்று ஒரே ஒரு பக்கம் எழுதினோம். அது எல்லா ஊருக்கும் பொருந்தும், பொய்யும் இல்லை.

தமிழில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டிலும் எழுதுங்கள், ஆனால் தனித்தனிப் பக்கங்களாக. ஒரே பக்கத்தில் ஒரு பத்தி தமிழ், ஒரு பத்தி ஆங்கிலம் என்று கலந்தால் அது எந்த மொழிப் பக்கம் என்றே தீர்மானமாகாது. இரண்டையும் ஹெச்ரெஃப்லாங் என்ற குறிப்பால் இணைத்துவிட்டால் அவரவர்க்கு உரிய பக்கம் போய்ச்சேரும். ஆங்கிலத்தில் பெரிய தளங்களோடு மல்லுக்கட்ட வேண்டும். தமிழில் நல்ல பதில்கள் குறைவு, தேடுகிறவர்களோ பெருகிக்கொண்டே போகிறார்கள். சேலத்துக் கடைக்காரர்கள் இதை இன்னும் உணரவில்லை என்பது என் வருத்தம். கொலுசு, கொலுசின், கொலுசுகளை, கொலுசுக்கு என்று எல்லா வடிவங்களையும் வலிந்து திணிக்கத் தேவையில்லை; இயல்பாக நாலு பத்தி எழுதினால் அவை தாமாகவே வந்துவிடும். பக்கத்தின் முகவரியைத் தமிழில் வைக்கலாமா என்றால், கூகுளுக்கு அதில் ஒரு சிரமமும் கிடையாது. ஆனால் அந்த முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்துக் குறியீடாக விரிந்துவிடுவது உண்டு. 'சேலம்' என்ற ஒரு சொல்லே 45 எழுத்தாகிவிடும். அனுப்புகிறவர் பார்த்துப் பயந்துபோவார். அதனால் முகவரியைச் சுருக்கமான ஆங்கில எழுத்திலும், தலைப்பையும் உள்ளே இருப்பதையும் தமிழிலும் வைக்கிறேன்.

ஏற்காட்டுக் கதை கொஞ்சம் வேறு மாதிரி. மலைமேல் காபித் தோட்டத்துக்குள் சில அறைகளை வாடகைக்கு விடுகிற ஒருவர். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் காபிச் செடியைக் கொண்டுவந்து வளர்த்த மலை அது. தோட்டக்காரர் பேசினால் சில்வர் ஓக் நிழல், மிளகுக் கொடி, பழம் பறிக்கிற பருவம் என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம். தளத்திலோ 'இயற்கையின் மடியில் இனிய அனுபவம்'.

அவருக்கு வருகிற கேள்விகள் எல்லாம் காலத்தைச் சார்ந்தவை. காபிப் பூ எப்போது பூக்கும்? மார்ச், ஏப்ரலில் கோடைமழை பெய்தால், மழைக்குப் பத்து நாள் வாக்கில் தோட்டமே வெள்ளையாகிவிடும், ஓரிரு நாள்தான் நிற்கும், மல்லிகைபோல மணக்கும். பழம் பறிப்பதைப் பார்க்கவேண்டுமென்றால் நவம்பருக்கு மேல் வரவேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வருகிற குழந்தையை எப்படிக் கூட்டிவருவது, மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாக வரமுடியுமா, மே மாதக் கோடை விழா நேரத்தில் அறை கிடைக்குமா. இவற்றை எழுத வைத்தபோது அவரிடம் இருந்த உற்சாகத்தை மறக்கமுடியாது. மழை பெய்ததும் பூப் பக்கத்தில் அவரே இரண்டு வரி சேர்த்து, அன்றைக்கு எடுத்த படத்தையும் போடுகிறார்.

கோடை விழாவுக்கு வருடாவருடம் புதுப் பக்கம் போட்டுக்கொண்டிருந்தார்கள், முகவரியில் வருடத்தோடு. ஒவ்வொரு வருடமும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. முந்தைய வருடத்துப் பக்கத்துக்கு மற்றவர்கள் கொடுத்த இணைப்புகள் அங்கேயே தங்கிவிட்டன. இப்போது வருடம் இல்லாத ஒரே முகவரி, அதிலேயே தேதியும் விவரமும் மாறும். பழைய பக்கங்களை 301 என்கிற நிரந்தரத் திருப்புதலால் அங்கே அனுப்பிவிட்டோம். இதே திருப்புதலைச் செய்யாமல்தான் இதற்கு முன் தளத்தைப் புதுப்பித்தவர்கள் எல்லா முகவரிகளையும் மாற்றிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பயண எழுத்தாளர்கள் எப்போதோ கொடுத்த இணைப்புகள் எல்லாம் 'பக்கம் இல்லை' என்கிற 404 பக்கத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றன. புது வடிவமைப்புக்குக் காசு கொடுக்கும் முன், பழைய முகவரி ஒவ்வொன்றும் எங்கே போகும் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். திருப்புதலைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். எடுக்காமலே விட்டால் இன்னும் நல்லது.

மலையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். வளைவில் நின்று அறையின் வழியைத் தேடுகிற ஒருவருக்கு, காமிராவிலிருந்து அப்படியே ஏற்றிய பெரிய படங்கள் திறக்கவே திறக்காது. பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 நொடிக்குள் தெரியவேண்டும் என்பது கூகுள் சொல்கிற அளவு. படங்களை, கோப்பின் அளவைக் குறைக்கிற வெப்பி வடிவத்துக்கு மாற்றி, அகலம் உயரம் குறித்துவைத்தாலே பெரும்பகுதி சரியாகிவிடுகிறது. 2023 அக்டோபரோடு தளங்களை மொபைல் வடிவத்தை வைத்தே பட்டியலிடுவதற்குக் கூகுள் மாறிவிட்டதாக அறிவித்துவிட்டது. கணினியில் தெரிந்து மொபைல் வடிவத்தில் சேர்க்காமல் விட்ட பத்தி இருந்தால், அது இல்லாததாகத்தான் கணக்கு.

பலன் எப்போது தெரியும் என்று கேட்டால், நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும் என்று கூகுள் தரப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாதத்தில் முதலிடம் என்று எழுதிக்கொடுக்கிறவரை நம்பாதீர்கள், அவர் கையில் அந்த அதிகாரம் இல்லை. தளக்காரர்களுக்குக் கூகுள் தருகிற சர்ச் கன்சோல் என்ற கருவி இலவசம். எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்பதை 16 மாதம் வரை பின்னோக்கிக் காட்டும். ஏற்காடு போன்ற பருவ வியாபாரத்துக்கு இது மிகவும் உதவி. இந்த மே மாதத்தை ஏப்ரலோடு ஒப்பிட்டால் எப்போதும் ஏற்றம்தான் தெரியும், போன மே மாதத்தோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். முடிவுகளில் பலமுறை தெரிந்தும் யாரும் சொடுக்காத பக்கம் இருந்தால் முதலில் தலைப்பைத்தான் பார்க்கிறேன். தலைப்பில் ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இருக்கும்.

இப்போது செயற்கை அறிவு தரும் பதில் தேடல் முடிவுகளுக்கு மேலேயே வந்து நிற்கிறது; இந்தியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. கறுப்பு ஏன் வருகிறது என்ற பொதுவான கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டால் பலர் உள்ளே வரமாட்டார்கள். எனக்கும் அதில் கவலை உண்டு. ஆனால் எண்பது டச் கொலுசில் இந்தக் கடை எவ்வளவு கூலி வாங்குகிறது, கொக்கி உடைந்தால் மாற்றித் தருமா, போன வாரம் மழை பெய்த தோட்டத்தில் பூ வந்துவிட்டதா என்பதை அந்தந்த ஆள்தான் சொல்லமுடியும். அதனால் கொலுசுக் கடையில் இனி எழுதுவதையெல்லாம் அந்தப் பக்கமாகவே நகர்த்திக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் இப்போது தினமும் வெள்ளி விலையைப் போடலாமா என்கிறார். நாளுக்கொரு பக்கம் போடச் சொல்லி யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். அப்படிப் போட்டால் வருடத்துக்கு 365 ஒல்லிப் பக்கங்கள் சேரும், மறுநாளே ஒவ்வொன்றும் பயனற்றுப் போகும். ஒரே பக்கம், ஒரே முகவரி, மேலே இன்றைய தேதியும் ஒரு கிராம் விலையும், கீழே முந்தைய நாட்களின் சின்ன அட்டவணை என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். அட்டவணைக்குக் கீழே, ஒரு ஜோடிக் கொலுசின் விலை எப்படி வருகிறது, அதாவது எடை எவ்வளவு, டச் எவ்வளவு, கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, வரி எவ்வளவு என்று உண்மையான ஒரு மாடலை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டவேண்டும். கூலியை வெளிப்படையாகப் போட அண்ணன் இன்னும் சம்மதிக்கவில்லை. அக்கா சம்மதித்துவிட்டார்.